மரப்பலகையில் வட்டக்குழி எடுக்கலாம்

பலகையைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போகும் ஓட்டையை யார் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். பாதியில் நிற்கும் குழி அப்படியல்ல. அதற்கு அடி உண்டு, அந்த அடி சமமாக இருக்க வேண்டும். விளிம்பில் சிராய் பெயரக் கூடாது. ஆழம் நாம் நினைத்த இடத்தில் நிற்க வேண்டும். அலமாரிக் கதவுக்கு ஆட்டோ ஹிஞ்ச் மாட்டுவதானாலும், டம்ளர் வழுக்காமல் உட்காரும் தட்டு, காந்தம் பதித்த சாவிப் பலகை, அகல் வைக்கும் மணை, பல்லாங்குழி எதுவானாலும் இந்த ஒரு வேலை தெரிந்தால் போதும். டிரில் மெஷின் இருக்கும் வீட்டில் வேலை எளிது. இல்லாத வீட்டில் உளி போதும், அந்த வழியும் கீழே இருக்கிறது.

1. முதலில் குழியின் அடி தட்டையாக வேண்டுமா, கிண்ணம்போல் குழிந்து வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். ஹிஞ்ச், டம்ளர், காந்தம், நாணயம் எல்லாம் தட்டை அடி கேட்கும். பல்லாங்குழி, உப்போ குங்குமமோ வைக்கும் பலகை போன்றவற்றுக்குக் குழிந்த அடிதான் சரி, விரலால் அள்ள வேண்டுமே! தட்டை அடியை டிரில் சில நிமிடங்களில் தந்துவிடும். குழிந்த அடிக்குக் கை நோக உழைக்க வேண்டும்.

2. குழியில் உட்காரப்போகும் பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளவெடுங்கள். கண்மதிப்பு வேண்டாம். வெர்னியர் இல்லாவிட்டால் ஒரு காகிதப் பட்டையைப் பொருளின்மேல் இறுக்கிச் சுற்றி, முனை சேரும் இடத்தில் கோடு போட்டு, விரித்து அளந்து 3.14-ஆல் வகுத்தால் விட்டம் வந்துவிடும். பட்டை 220 மி.மீ. என்றால் விட்டம் 70 மி.மீ. டம்ளர்கள் பெரும்பாலும் அடியில் ஒடுங்கி மேலே விரிபவை. 8 மி.மீ. ஆழத்துக்குக் குழி எடுப்பதானால் டம்ளரின் அடியிலிருந்து 8 மி.மீ. மேலே உள்ள சுற்றளவை எடுங்கள். அடியின் சுற்றளவை எடுத்தால் டம்ளர் பாதியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும்.

3. எடுத்து எடுத்து வைக்கிற பொருளென்றால் விட்டத்தில் 1 மி.மீ. கூடுதலாக விடுங்கள். மரம் காய்ந்தால் சுருங்கும். நாரின் நெட்டுவாக்கில் அது அசைவதே இல்லை எனலாம், சுருக்கமெல்லாம் குறுக்குவாக்கில்தான். ஐப்பசி மழையில் கச்சிதமாகத் தோண்டிய குழி சித்திரை வெயிலில் ஒரு பக்கம் ஒடுங்கிக் கண்ணாடி டம்ளரைக் கவ்விக்கொள்ளும். பிளைவுட்டிலும் எம்.டி.எஃப். பலகையிலும் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

4. வாங்க வேண்டிய பிட் ஃபார்ஸ்ட்னர் பிட். கடையில் இந்தப் பெயர் புரியாவிட்டால் 'ஹிஞ்ச் பிட்' என்று கேளுங்கள். 35 மி.மீ. அளவில் ஒன்றை எடுத்து நீட்டுவார்கள், அதுவும் இதே வகையறாதான். நடுவில் குட்டையான ஒரு முனை, சுற்றிலும் கூரிய வளையம், வளையத்துக்குள் இரண்டு தட்டை அலகுகள். வளையம் முதலில் மர நாரை வட்டமாக அறுத்துவிடும். அலகுகள் உள்ளே இருப்பதைச் சீவி எடுக்கும். அதனால்தான் விளிம்பும் சுத்தமாக வருகிறது, அடியும் தட்டையாக வருகிறது.

அமெரிக்காவில் துப்பாக்கி செய்துவந்த பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர் 1874-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். மற்ற மர பிட்கள் நடுமுனையை நம்பி ஓடும். இது வெளி வளையத்தின் பிடிமானத்திலேயே ஓடும். ஒன்றோடொன்று உரசி ஏறும் இரண்டு வட்டங்களைக்கூட இதால் எடுக்க முடிவது அதனால்தான். இந்தக் குணத்தை வைத்து 19-ம் குறிப்பில் ஒரு வேலை செய்யப்போகிறோம்.

5. மண்வெட்டி வடிவத் தட்டை பிட் விலை குறைவு. ஆனால் ஆழமில்லாத குழிக்கு அது உதவாது. அதன் நடுமுனை மிக நீளம், குழி வேண்டிய ஆழத்தை எட்டும் முன்பே முனை பலகையின் முதுகில் எட்டிப் பார்க்கும். கதவுப் பூட்டுக்கு வட்டம் அறுக்கும் ஹோல் சாவும் அப்படித்தான். அது வளையமாக ஒரு காடி மட்டும் போடும், நடுவில் நிற்கும் மரத்தை உளியால் பெயர்க்க வேண்டியிருக்கும். சுவரில் துளை போட வாங்கிய கான்கிரீட் பிட்டை மரத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

6. பத்துப் பதினைந்து அளவுகள் அடங்கிய மலிவுப் பெட்டி கண்ணைப் பறிக்கும். என் யோசனை, அதை விட்டுவிடுங்கள். அந்தப் பிட்கள் மாமரத்திலேயே இரண்டு மூன்று குழிகளுக்குள் மழுங்கிவிடும். உங்களுக்குத் தேவையான ஒரே அளவில் தரமான ஒன்றை வாங்குங்கள். அலமாரி வேலைக்கு 35 மி.மீ., சிறு வேலைக்கு 20 அல்லது 25 மி.மீ. வாங்கும்போது பிட்டின் தண்டு உங்கள் டிரில்லின் வாய்க்குள் நுழையுமா என்றும் பாருங்கள். வீட்டு டிரில்கள் 10 அல்லது 13 மி.மீ. வரைதான் கவ்வும்.

7. நடுமுனையைக் கணக்கில் சேருங்கள். ஃபார்ஸ்ட்னர் பிட்டின் முனை குட்டைதான் என்றாலும் அலகைவிடச் சில மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். ஸ்கேல் வைத்து அதை அளந்து, குழியின் ஆழத்தோடு கூட்டி, அதற்கும் மேல் 2 மி.மீ.யாவது பலகையில் மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். 12 மி.மீ. பலகையில் 10 மி.மீ. ஆழக் குழி ஏட்டில்தான் சரியாக வரும். பலகையில் பின்பக்கம் ஒரு கொப்புளம் தெரியும்.

8. வீட்டில் இருப்பது பெரும்பாலும் சுவருக்கும் மரத்துக்கும் பொதுவான இம்பாக்ட் டிரில். அதன் தலையில் சுத்தியல் படம், பிட் படம் என்று இரண்டு நிலைகள் இருக்கும். மரத்துக்குப் பிட் படத்தில்தான் வைக்க வேண்டும். சுத்தியலில் வைத்தால் பிட் தத்தித் தத்தி விளிம்பைக் கடித்துக் குதறிவிடும், கூர் முனையும் போய்விடும்.

9. வேகத்தைக் குறையுங்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் தவறுகிற இடம் இது. பிட் பெரிதாகப் பெரிதாக அதன் வெளி விளிம்பு ஓடும் தூரம் கூடுகிறது, சூடும் கூடுகிறது. 25 மி.மீ.க்கு மேற்பட்ட பிட்டைத் தேக்கு போன்ற மரத்தில் நிமிடத்துக்கு 500 சுற்றுக்குள் ஓட்டுவது நல்லது. மின்வயர் உள்ள டிரில்கள் 2,500 சுற்றைத் தாண்டிப் போகக்கூடியவை. விசையை முழுதாக அழுத்தாமல் பாதியிலும் பாதியாகப் பிடியுங்கள், வேகம் குறைக்கும் திருகு இருந்தால் அதைக் கீழே இறக்குங்கள். பேட்டரி டிரில்லில் 1, 2 என்று கியர் இருந்தால் 1.

10. பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், ஒன்றுக்கு இரண்டாக. காலால் மிதித்துக்கொள்வதும் இன்னொருவரைப் பிடிக்கச் சொல்வதும் வேண்டாம். 35 மி.மீ. பிட் நாரில் சிக்கிக்கொண்டால் பலகை சுழலும், பலகை சுழல முடியாவிட்டால் டிரில் சுழன்று மணிக்கட்டை முறுக்கும். பக்கவாட்டுக் கைப்பிடி உள்ள டிரில் என்றால் அதை மாட்டாமல் ஆரம்பிக்காதீர்கள்.

கையுறை போடாதீர்கள், சுழலும் பிட் துணியை இழுத்துக்கொள்ளும். முந்தானையைச் செருகுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள், தலைமுடியை முடிந்துகொள்ளுங்கள், கழுத்துச் சங்கிலி சட்டைக்குள் போகட்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். எம்.டி.எஃப். பலகை என்றால் முகமூடியும் கட்டாயம். அதன் தூள் மாவுபோல் நைசாகப் பறந்து நெஞ்சுக்குள் போகும்.

11. வட்டத்தின் மையத்தில் ஒரு புள்ளி மட்டும் வைத்தால் பிட் வந்து உட்கார்ந்ததும் அது மறைந்துவிடும். மூலைமட்டம் வைத்து மையத்தில் வெட்டிக்கொள்ளும் இரண்டு கோடுகளை வட்டத்துக்கு வெளியே வரை நீட்டிப் போடுங்கள். மையத்தில் ஆணியின் முனையை வைத்து ஒரு தட்டு தட்டினால் பிட்டின் முனைக்கு உட்கார இடம் கிடைக்கும். பிறகு கவராயத்தால் முழு வட்டத்தையும் வரையுங்கள். பிட் தொட்டவுடன் விழும் முதல் கீறல் அந்த வட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம், விலகினால் அப்போதே திருத்தலாம்.

12. ஆழத்தைக் கண்ணால் நிறுத்த முடியாது. டிரில்லோடு வந்த நீட்டுக் கம்பி எங்காவது பரணில் கிடக்கும், அது ஆழம் நிறுத்துவதற்குத்தான். பிட்டின் வெளி வளையம் பலகையைத் தொடும்படி நிறுத்திக்கொண்டு, கம்பியின் முனைக்கும் பலகைக்கும் இடையே வேண்டிய ஆழத்தை விட்டுத் திருகை முடுக்குங்கள். 8 மி.மீ. வேண்டுமென்றால் 8 மி.மீ. தடிமனுள்ள எதையாவது இடையில் வைத்து அளந்துகொள்ளலாம். கம்பி தொலைந்துபோயிருந்தால் பிட்டின் தண்டில் ஒட்டுநாடாவைச் சுற்றுங்கள். ஆனால் நாடா வெறும் அடையாளம்தான், அது உங்களைத் தடுத்து நிறுத்தாது. கடைசி 2 மி.மீ.யில் நிறுத்தி நிறுத்தி அளந்து பாருங்கள்.

13. டிரில் சாய்ந்தால் குழியின் அடியும் சாயும். மறுபக்கம் போகும் ஆர்பாரத் துளையில் இது தெரியாது, தட்டையடிக் குழியில் டம்ளர் வைத்தவுடன் தெரிந்துவிடும். மூலைமட்டத்தை நிமிர்த்திப் பிட்டின் முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று வைத்துப் பார்த்துக்கொண்டே இறக்குங்கள். நாலைந்து குழிகளுக்கு மேல் வேலை இருந்தால் டிரில்லைப் பிடித்து நிறுத்தும் ஸ்டாண்டு வாங்குவதே மேல். எந்தப் பிட் வாங்கினாலும் இதுபோல் வேலையைத் திருத்தித் தராது.

14. தொடங்கும்போது டிரில்லை ரிவர்ஸில் வைத்து இரண்டு மூன்று சுற்று மெதுவாக ஓட்டுங்கள். மரம் பெயராது, வளையம் மட்டும் மேல் நாரைக் கீறி ஒரு வட்டக் கோடு போட்டுவிடும். பிறகு நேர் திசைக்கு மாற்றினால் விளிம்பு சிராய் எழாமல் வரும். பிளைவுட்டின் மேல் தாள் மெல்லியது, இந்தச் சின்ன வேலையை விட்டால் சுற்றிலும் பிய்ந்துபோகும்.

15. ஒரே மூச்சில் அழுத்தாதீர்கள். நாலைந்து நொடிக்கு ஒருமுறை பிட்டைச் சுழலவிட்டபடியே சற்றுத் தூக்கி, மரச்சுருளை வெளியே தள்ளுங்கள். ஃபார்ஸ்ட்னர் பிட்டில் தூளை மேலே கொண்டுவரும் திருகுப் பள்ளம் இல்லை. தூள் அடியிலேயே கிடந்து அலகை மரத்திலிருந்து தூக்கிப் பிடித்துக்கொள்ளும். வெட்டுவதற்குப் பதில் தேய்க்கும், புகை வரும், குழி கருகும். நல்ல பிட் சரியான வேகத்தில் ஓடினால் வெளியே வருவது சுருள். மாவாக வந்தால் பிட் மழுங்கிவிட்டது அல்லது வேகம் அதிகம்.

16. புகை வந்தால் தண்ணீர் தெளிக்காதீர்கள். ஐந்து நிமிடம் ஆறவிடுங்கள்.

17. மைக்கா ஒட்டிய பலகையில் குழி எடுக்கும்போது பிட் மைக்காவின் பக்கமிருந்து இறங்குமானால், முதலில் அகலமான ஒட்டுநாடாவை ஒட்டி அதன்மேல் குறித்துக்கொள்ளுங்கள். சாதா எஃகுப் பிட்டை மைக்காவும் பிளைவுட் பசையும் சீக்கிரம் மழுங்கடித்துவிடும். இந்த வேலைக்குக் கார்பைடு முனை வைத்த ஹிஞ்ச் பிட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

18. ஆட்டோ ஹிஞ்ச் குழிக்கு அளவெல்லாம் ஏற்கெனவே வகுத்திருக்கிறார்கள். கிண்ணத்தின் விட்டம் 35 மி.மீ., அதே அளவுப் பிட், இங்கே கூடுதல் இடைவெளி வேண்டாம். ஆழம் ஹிஞ்சுக்குத் தக்கபடி 11.5 முதல் 13 மி.மீ. வரை. பெட்டியில் வரும் தாளில் இருக்கும், இல்லையென்றால் கிண்ணத்தை அளந்து அரை மி.மீ. சேருங்கள். கதவின் ஓரத்துக்கும் குழியின் விளிம்புக்கும் நடுவே 3 முதல் 6 மி.மீ. மரம் நிற்க வேண்டும். 5 மி.மீ. விடுவதாக வைத்துக்கொண்டால் மையம் ஓரத்திலிருந்து 22.5 மி.மீ.யில் விழும். ஒரு கதவுக்கு எவ்வளவு விட்டீர்களோ எல்லாக் கதவுக்கும் அதுவே இருக்க வேண்டும். ஒன்றில் 4, ஒன்றில் 6 என்றால் கதவுகள் ஒரே கோட்டில் நிற்காது, திருகைத் திருப்பித் திருப்பியே பொழுது போகும்.

கதவின் மேலிருந்தும் கீழிருந்தும் சுமார் 100 மி.மீ. தள்ளி மையக் கோடு போடலாம். உள்ளே இருக்கும் தட்டின் பலகைக்கு நேராக வந்து இடிக்குமா என்று முன்பே பார்த்துவிடுங்கள். திருகுத் துளைகளை அளந்து குறிக்காதீர்கள். குழி எடுத்ததும் ஹிஞ்சை உட்கார வைத்து, அதன் கை கதவின் ஓரத்துக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டத்தால் பார்த்து, அதன் துளைகள் வழியாகவே குறியுங்கள். கதவு 18 மி.மீ. தடிமன் இருந்தால் நிம்மதி. 12 மி.மீ. கதவில் இந்த ஹிஞ்ச் வேண்டாம்.

19. ஏற்கெனவே 25 மி.மீ.யில் எடுத்த குழியை 35 ஆக்க வேண்டும், அல்லது கொஞ்சம் தள்ளி எடுக்க வேண்டும். நடுமுனை ஊன்ற மரமே இல்லை, என்ன செய்வது? ஒரு துண்டுப் பிளைவுட்டில் 35 மி.மீ. ஆர்பாரத் துளை போடுங்கள். அதைப் பழைய குழியின்மேல் சரியான இடத்தில் வைத்துக் கிளாம்ப் போடுங்கள். பிட்டை அந்தத் துளைக்குள் இறக்கினால் வளையம் துளையின் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடும், நடுமுனைக்கு வேலையே இல்லை. ஆழம் நிறுத்தும்போது துண்டுப் பலகையின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஒரே அளவில் பல குழி எடுப்பவர்கள் இந்தத் துண்டுப் பலகையை எறியாமல் ஆணியில் மாட்டி வைத்துக்கொள்ளலாம்.

20. டிரில் இல்லாதவர்களுக்கும், கடையில் பிட் கிடைக்காத பெரிய அளவுகளுக்கும் உளிதான் வழி. நிதானம் இருந்தால் இதில் வரும் விளிம்பு எந்தப் பிட்டும் தராத விளிம்பு.

இரண்டு முனையும் ஊசியாக உள்ள டிவைடரால் வட்டத்தை அழுத்திக் கீறுங்கள். பென்சில் கோட்டைவிட இது மேல், கடைசி வெட்டின்போது உளியின் வாய் அந்தக் கீறலில் தானாக வந்து உட்காரும். தோண்டுவதைக் கோட்டிலிருந்து தொடங்காதீர்கள், நடுவிலிருந்து தொடங்குங்கள். கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளே உளியைச் செங்குத்தாக நிறுத்திக் கொட்டாப்புளியால் லேசாகத் தட்டி வட்டம் முழுக்க ஒரு வெட்டு. பிறகு நடுவிலிருந்து அந்த வெட்டை நோக்கிச் சாய்வாகச் சீவி எடுங்கள். மறுபடி செங்குத்து வெட்டு, மறுபடி சீவல். ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. ஆழம் போதும்.

சீவுவது நாருக்குக் குறுக்கே இருக்கட்டும். நாரோடு ஓட்டினால் உளி தன் இஷ்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். செங்குத்து வெட்டில் வேறொரு ஆபத்து. வட்டத்தில் எதிரெதிராக இரண்டு இடங்களில் உளியின் வாய் நாருக்கு இணையாக நிற்கும். அங்கே ஓங்கி அடித்தால் பலகை பிளந்துகொள்ளும். அந்த இரண்டு இடத்திலும் கொட்டாப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கையால் அழுத்துங்கள்.

வேண்டிய ஆழம் வந்த பிறகு கடைசியாகக் கீறல் கோட்டிலேயே உளியை நிறுத்திச் சுவரைச் சீவி இறக்குங்கள். வளைந்த வாயுள்ள நகவுளி இருந்தால் இது சுலபம். நேர் உளிதான் இருக்கிறதென்றால் 6 மி.மீ. அகலத்துக்கு மேல் வேண்டாம், அதையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திச் சீவுங்கள். உளிக்கு எதிரில் இன்னொரு கை இருக்கக் கூடாது.

பாதி உளி, பாதி டிரில் என்றும் செய்யலாம். சாதாரண 8 மி.மீ. பிட்டால் கோட்டுக்குள் நெருக்கமாகச் சிறு துளைகள், ஆழத்தில் 2 மி.மீ. குறைத்து. மிச்சத்தை உளி பார்த்துக்கொள்ளும்.

21. உளியால் எடுத்த அடி சமமா என்று பார்க்க ஒரு ஆணியும் ஒரு கட்டையும் போதும். நேரான கட்டையில், வேண்டிய ஆழத்துக்குச் சரியாக முனை நீட்டும்படி ஆணியை அடியுங்கள். கட்டையைக் குழியின் குறுக்கே வைத்து எல்லாப் பக்கமும் நகர்த்துங்கள். ஆணி தட்டும் இடம் மேடு, தொடாத இடம் பள்ளம்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், வைக்கப்போகும் பொருளின் அடியில் சாக்பீஸைத் தேய்த்துக் குழிக்குள் வைத்து ஒரு சுற்று திருப்பி எடுங்கள். வெள்ளை ஒட்டிய இடங்களை மட்டும் சீவுங்கள். இதற்குக் குங்குமத்தை எடுத்துவிடாதீர்கள், வெளிர் மரத்தில் அந்தச் சிவப்பு போகவே போகாது.

22. குழியின் அடியை விரலால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் நடுவில் குழியும், ஓரத்தில் மேடு நிற்கும். குழியைவிடச் சற்றே சிறிய தட்டையான மூடி ஒன்றின் அடியில் உப்புத்தாளை ஒட்டி, அதைக் குழிக்குள் வைத்துத் திருகுங்கள். முதலில் 80 நம்பர், பிறகு 120, கடைசியில் 220. நடுமுனை விட்ட சிறு துளை கண்ணில் பட்டால், பெவிகாலில் தோய்த்த மூங்கில் பல்குச்சியைச் செருகி, காய்ந்ததும் சமமாக வெட்டுங்கள். டம்ளர் தட்டென்றால் அந்தச் சிரமமும் வேண்டாம், வட்டமாக வெட்டிய ஃபெல்ட் துணி ஒட்டிவிட்டால் துளையும் மறையும், சத்தமும் இருக்காது.

23. டிரிம்மர் மெஷின் வைத்திருப்பவர்கள் 80, 100 மி.மீ. போன்ற பெரிய வட்டங்களை அதால் எடுக்கலாம். வட்டத் துளையிட்ட அச்சுப் பலகையும், டிரிம்மரின் அடியில் மாட்டும் கைடு புஷ்ஷும் வேண்டும். கணக்கு இது: புஷ்ஷின் வெளிவிட்டத்திலிருந்து பிட்டின் விட்டத்தைக் கழித்து, வருவதைக் குழியின் விட்டத்தோடு கூட்டினால் அச்சுத் துளையின் விட்டம். புஷ் 16, பிட் 6 என்றால் வித்தியாசம் 10. அதனால் 80 மி.மீ. குழிக்கு 90 மி.மீ. துளை. உள்வட்டத்தில் மெஷினைக் கடிகார முள் போகும் திசையில் நகர்த்த வேண்டும், எதிர்த்திசையில் போனால் பிட் கையை இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் இறக்காதீர்கள். ஆனாலும் முதல் குழியே டிரிம்மரில் வேண்டாம் என்பேன். நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்று வரை ஓடும் மெஷின் அது.

24. பல்லாங்குழிப் பலகை செய்ய ஆசைப்படுபவர்கள் முதலில் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். வரிசைக்கு 7, இரண்டு வரிசை, 14 குழி. குழி 55 மி.மீ., குழிகளுக்கு நடுவே 12, சுற்றிலும் ஓரம் 20 என்று வைத்தால் நீளம் 497, அகலம் 162 மி.மீ. வரும். 500-க்கு 165 பலகை சரியாக இருக்கும். 18 மி.மீ. ஆழக் குழிக்குப் பலகை 30 மி.மீ. தடிமனாவது வேண்டும். பலா, வேம்பு, மா இவை செதுக்க இசைந்துகொடுக்கும். கணு உள்ள பலகையைக் கடையிலேயே தள்ளிவிடுங்கள், கணு மேல் குழி வந்தால் அங்கே உளியும் பேசாது, பிட்டும் பேசாது.

டிரில் இருக்கிறதே என்று 14 குழியையும் 55 மி.மீ.யில் தட்டையாக எடுத்துவிட்டால் விளையாடும்போது வருந்துவீர்கள். புளியங்கொட்டை மூலையில் ஒதுங்கி நிற்கும், விரலால் ஒரே வீச்சில் அள்ள வராது. குழியின் நடுவில் 35 மி.மீ. பிட்டால் 14 மி.மீ. ஆழத்துக்கு ஒரு கிணறு இறக்குங்கள். நடுமுனையின் நீளம் இங்கேயும் கணக்கில் உண்டு. பிறகு நகவுளியால் கோட்டிலிருந்து கிணற்றின் அடியை நோக்கிச் சரித்துச் சரித்துச் சீவி வாருங்கள். எப்போதும் மேலிருந்து கீழே. கீழிருந்து மேலே தள்ளினால் விளிம்பு பெயரும். ஒரு தடித்த அட்டையில் குழியின் பாதி வடிவத்தை வெட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொரு குழியிலும் இறக்கிப் பார்த்தால் 14-ம் ஒரே வாட்டமாக வரும். தேய்ப்பதற்குப் பழைய ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி அதன்மேல் உப்புத்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

குழிகள் முடிந்ததும் ஆளிவிதை எண்ணெய் பூசினால் நார் ஓட்டம் அழகாக எழும்பித் தெரியும். தேங்காய் எண்ணெய் காய்ந்து இறுகாது, பிசுபிசுப்பு நிற்கும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது காயும்போது உண்டாகும் சூட்டிலேயே தீப்பிடிக்கக்கூடும். கொடியில் விரித்துக் காயவைத்து, பிறகு எறியுங்கள்.

25. அகல் வைக்கும் மணைக்கு: மண் அகலின் அடியில் எண்ணெய் கசியும். மரம் அதைக் குடித்துக் கறுக்கும், பிறகு தீயையும் பிடிக்கும். குழியைச் சற்றுப் பெரிதாக எடுத்து ஒரு சிறு பித்தளைத் தட்டை உள்ளே அமர்த்தி அதன்மேல் அகலை வையுங்கள். குழி 5 மி.மீ. ஆழம் போதும், சுடர் மர விளிம்பைவிட நன்றாக மேலே நிற்க வேண்டும். டீ லைட் மெழுகுவத்தியின் அலுமினியக் கிண்ணம் சுமார் 38 மி.மீ., அதற்கு 40 மி.மீ. பிட் சரி. எரியும்போது யாராவது பக்கத்தில் இருக்கட்டும்.

26. சாவிப் பலகைக்குக் காந்தம் பதிப்பதானால் 10 மி.மீ. விட்டமும் 3 மி.மீ. கனமும் உள்ள நியோடிமியம் வில்லைகள் தாராளம். குழியை அரை மி.மீ. கூடுதல் ஆழமாக எடுத்தால் அடியில் பசைக்கு இடம் இருக்கும். எதிரெதிராக ஒட்ட வேண்டிய காந்தங்கள் என்றால் பசை போடும் முன் மேல்பக்கத்தில் மார்க்கரால் குறி வையுங்கள். ஒன்றைத் திருப்பி ஒட்டிவிட்டால் எடுக்க வராது, உடைத்துத்தான் எடுக்க வேண்டும். பசை முழுதாக இறுகும்வரை இரும்பு எதையும் அருகில் கொண்டுபோகாதீர்கள், காந்தம் குழியைவிட்டு எழுந்து வந்துவிடும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் உதிரிக் காந்தங்களைப் பூட்டி வையுங்கள். இரண்டை விழுங்கினால் குடலை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

27. வேலை முடிந்ததும் பிட்டில் ஒட்டிய பிசினை மண்ணெண்ணெய் தொட்ட பழைய பல்துலக்கியால் தேய்த்து, துடைத்து, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் தடவுங்கள். மழுங்கினால் சிறு அரத்தால் அலகின் மேல்பக்கத்தையும் வளையத்தின் உட்பக்கத்தையும் மட்டும் தீட்டலாம். வளையத்தின் வெளிப்பக்கத்தில் அரம் படக் கூடாது, பட்டால் பிட்டின் விட்டம் குறைந்துவிடும், ஹிஞ்ச் உட்காராது.